ஹார்லன் பிரெக்கே திருப்பி அனுப்பிய மூன்று கடிதங்கள்

"என் கைக்கு வந்த கடுதாசி ஒண்ணுகூட உரிய ஆள் கைக்குப் போகாம இருந்ததில்ல. பேர் ஒண்ணு போதும். அந்த ஆள் எந்த மூலையில இருந்தாலும் நான் கண்டுபிடிச்சிருவேன்."

லிண்ட்பி ஊர் லூத்தரன் தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில், ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மீன் விருந்தின்போது, ஹார்லன் பிரெக்கே இந்த அறிக்கையை வெளியிடுவார். சலவைக் காரம் கரைத்த நீரில் ஊறிக் கூழாகிப்போன அந்த மீனை ஊரில் யாருக்கும் பிடிக்காது; சாப்பிட வராதவர்களும் யாருமில்லை. அதுபோலத்தான் ஹார்லனின் அறிக்கையும். வெண்ணெய்க் கிண்ணம் மூன்றாவது மேஜைக்குப் போய்ச் சேரும் நேரத்தில் அது வெளியாகும். கேட்டவர்கள் உருளைக்கிழங்கைப் பார்த்துத் தலையசைப்பார்கள். மினசோட்டாவின் அந்தப் பகுதியில் தற்பெருமை என்பது பொது இடத்தில் சட்டையைக் கழற்றுவதற்குச் சமம். ஆனாலும் ஹார்லனுக்கு மட்டும் ஊர் ஒரு விதிவிலக்கு வைத்திருந்தது. காரணம், அவர் சொன்னது உண்மை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் இரண்டாம் தடத்தின் தபால்காரராக இருந்தவர் அவர். சாலையோரம் பண்ணைக்கு ஒன்றாக நானூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டிகள். ஸ்டீரிங் இடப்பக்கம் உள்ள காரில் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து இடது காலால் பிரேக்கை மிதித்து, இடது கையால் ஸ்டீரிங்கைப் பிடித்து, வலது கையால் பெட்டியைத் திறந்து கடிதம் போட்டு மூடி, அடுத்த பண்ணைக்குப் போய்விடுவார். "அம்மாவுக்கு, லிண்ட்பி அருகே" என்று மட்டும் எழுதி வியட்நாமிலிருந்து வந்த ஒரு கடிதத்தை, கையெழுத்தின் சாய்வை வைத்தே சரியான தாயிடம் சேர்த்திருக்கிறார். அதை எழுதிய பையன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் விதைக் கம்பெனிக்கு எழுதிப்போட்ட இலவசக் கூப்பன்களை அவர்தான் எடுத்துச் சென்றிருந்தார். வரி நோட்டீஸ்களையும் இதே பக்தியோடு, ஆள் மட்டத்துக்குக் குவிந்த பனியில் மண்வெட்டியால் வழி வெட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். அதற்காக யாரும் அவருக்கு நன்றி சொன்னதாகப் பதிவு இல்லை.

அவருடைய மதத்தில் கட்டளைகள் இரண்டு. முதலாவது, கடிதம் உரியவரைச் சேரவேண்டும். இரண்டாவது, உறையின்மேல் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அதைப் பிரிக்கவேண்டும்.

இரண்டாவது கட்டளையை அவருடைய மனைவி ஆர்டிஸ் கல்யாணமான நான்காம் மாதம் மீறினாள். டிராக்டர் உதிரிபாகக் கம்பெனியிலிருந்து அவர் பெயருக்கு வந்த விளம்பரத்தை, காப்பி கொதிக்கும் நேரத்துக்குப் படிக்க ஏதாவது வேண்டுமே என்று பிரித்துவிட்டாள். ஹார்லன் கத்தவில்லை. அந்த ஊர் வீடுகளில் யாரும் கத்துவதில்லை. உறையை மறுபடி ஒட்டினார், தன் பெயரைப் படித்தார், பிரித்தார், விளம்பரத்தைக் குப்பையில் போட்டார். பிறகு இரண்டு நாள் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டார். அந்த மரியாதைதான் தண்டனை. அதன்பின் ஐம்பத்தொரு ஆண்டுகள் அவர் பெயர் போட்ட எந்த உறையையும் ஆர்டிஸ் தொட்டதில்லை. இருவர் பெயரும் போட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் வந்தால் இருவரும் சமையலறை மேஜையருகே நின்று, அவர் உறையை நறுக்க, அவள் உள்ளிருப்பதை உருவுவாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதையெல்லாம் பார்த்துச் சிரிக்க வீட்டில் வேறு ஆள் கிடையாது.

வீட்டுக் கணக்குவழக்கு எல்லாம் ஹார்லனுடையது என்பதும் இதிலிருந்தே வந்தது. பில்கள் அவர் பெயருக்கு வந்தன. ஆகவே அவரே பிரித்தார், அவரே செக் எழுதினார், அவரே தபாலில் போட்டார். வங்கியே மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை அவர் ஏற்கவில்லை. அது தபால்காரன் வாயில் மண் போடும் வேலை என்பது அவர் கருத்து.

அவருடைய ஐம்பத்தெட்டாவது வயதில் லோவல் என்ற இன்சூரன்ஸ் ஏஜென்ட் அதே சமையலறை மேஜைக்கு வந்து, முதுமையில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டிவந்தால் அந்தச் செலவைக் கம்பெனி ஏற்கும் பாலிசி ஒன்றை விற்றார். லோவல் அதே தேவாலயத்தில் மூன்று வரிசை பின்னால் உட்காருபவர். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: பிரீமியம் கட்டத் தவறினால் உங்களைத் தவிர வேறு யாருக்குத் தகவல் சொல்லவேண்டும்? லோவல் பேனா முனையால் அந்த இடத்தைத் தட்டி, சும்மா ஆர்டிஸ் பெயரைப் போட்டுவையுங்கள் என்றார்.

ஹார்லன் பேனாவை வாங்கிக்கொண்டார். "ஒரு தபால்காரனுக்குத் தபால் வந்திருக்குன்னு சொல்றதுக்கு இன்னொரு ஆளா?" என்று கேட்டுவிட்டு, "யாருக்கும் வேண்டாம்" என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டார். காகிதத்தின் மறுபக்கம் வரை பதிந்த குறி அது. கம்பெனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதே கேள்வியைக் கேட்டு எழுதியது. அவரும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதே குறியைப் போட்டு அனுப்பினார். பதினெட்டு ஆண்டுகள் ஆகஸ்ட் மாத பிரீமியம் ஒருநாள்கூடப் பிந்தவில்லை.

பத்தொன்பதாம் ஆண்டு பிந்தியது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஹார்லன் வீட்டு நிலவறையில் ஒரு மர அடுக்கு செய்து, அதில் சிறு சிறு பொந்துகள் வைத்து, பழைய விதை விலைப்பட்டியல்களையும் தேவாலய அறிக்கைகளையும் பெட்டி எண் வரிசைப்படி பிரித்து வைக்கத் தொடங்கியிருந்தார். ஓய்வுபெற்ற ஆண்களுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று ஆர்டிஸ் நினைத்தாள். காலையில் கூட்டுறவுக் கடையில் காப்பி குடிக்கப் போனவர், ஒரே கதையை ஒரே ஆளிடம் ஒரே கோப்பைக்குள் மூன்று முறை சொன்னார். அந்த ஆள் மூன்று முறையும் சிரித்தார். ஊருக்கே தெரிந்திருந்தது. ஊர் முழுக்க நாகரிகமாக இருந்தது. யாராவது ஆர்டிஸிடம் பேச்செடுத்தால் "ஹார்லன் கொஞ்சம் களைச்ச மாதிரி இருக்கார்" என்பதோடு நிறுத்திக்கொண்டு, வானிலைக்குப் போய்விடுவார்கள்.

ஆர்டிஸும் அந்த ஊர்தானே. பிரீமியம் பிந்திய அதே ஆண்டு அக்டோபர் ஒன்பதாம் தேதி டாக்டரிடம் கூட்டிப்போனபோது, காரில் போகும் வழியில் எங்கே போகிறோம் என்று ஹார்லன் நான்கு முறை கேட்டார். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அதே மனிதர் நிமிர்ந்துவிட்டார். ஞாபகசக்தி எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்க, "எதையாவது மறந்ததா ஞாபகம் இல்ல டாக்டர்" என்றார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஆர்டிஸ் பக்கம் திரும்பி, வீட்டில் எப்படி என்று விசாரித்தார். புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த வட்டாரத்தில், கால் வெட்டுப்பட்டு ஆம்புலன்சில் போகிறவரைக் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். ஆர்டிஸும் அதைத்தான் சொன்னாள்.

"மோசமில்ல."

பிப்ரவரியில் அவள் பெட்டிக்குப் போகும் பாதையில் பனிக்கட்டியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஒற்றைக் கையால் ஹார்லனுக்குச் சட்டைப் பித்தான் போடமுடியவில்லை; குளியல் தொட்டியில் ஏறும்போது பிடித்துக்கொள்ள முடியவில்லை. மருத்துவமனையில் ஒரு பெண் வந்து, வீட்டுக்கு உதவியாள் வைக்க வழி உண்டா, இல்லாவிட்டால் எழுபது மைல் தள்ளி அரசு உதவியில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை காலியாக இருக்கிறது, பேசலாமா என்றாள். ஆர்டிஸ் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்குப் பாலிசி இருக்கிறது என்றாள். சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மார்ச் நான்காம் தேதி லோவல் நேரில் வந்தார். கையில் ஒரு தட்டு நிறைய சாக்லேட் வில்லைகள், மேலே அலுமினியத் தாள். அந்த ஊரில் ஓர் ஆண் தானே தட்டு தூக்கிக்கொண்டு வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று பொருள்.

"பாலிசி போயிருச்சு ஆர்டிஸ்" என்றார் லோவல், தட்டை இன்னும் கீழே வைக்காமல். "அக்டோபர் இருபத்தொம்பதோட லேப்ஸ். மூணு கடுதாசி போட்டிருக்காங்க."

மூன்று கடிதமும் இந்த வீட்டுக்கு வரவில்லை என்றாள் ஆர்டிஸ். கம்பெனி சத்தியம் செய்கிறது என்றார் லோவல். இருவரும் முன்னறையில் உட்கார்ந்திருந்த ஹார்லனைப் பார்த்தார்கள். அவர் எழுந்து வந்து லோவலின் கையைக் குலுக்கி, பனி எப்படி என்று விசாரித்து, ஒரு வில்லையை எடுத்துக்கொண்டு போனார்.

லோவல் பாலிசியின் பத்தொன்பதாம் பக்கத்தை அன்றுதான் முதன்முறையாகப் படித்திருந்தார். விற்ற பதினெட்டு ஆண்டுகளில் அதற்கு நேரம் வாய்க்கவில்லை. அதில் ஒரு பத்தி இருந்தது: பணம் கட்டத் தவறிய சமயத்தில் பாலிசிதாரரின் புத்தி தடுமாறியிருந்தது என்று நிரூபித்தால், லேப்ஸ் ஆன ஐந்து மாதத்துக்குள் பாக்கியைக் கட்டிப் பாலிசியை மீட்கலாம். மார்ச் இருபத்தொன்பதுவரை அவகாசம்.

"டாக்டர் சீட்டு ஒண்ணு இருந்தா போதும்" என்றார் லோவல். "அந்தச் சமயத்துல டாக்டரைப் பார்த்தீங்களா?"

பார்த்திருந்தார்கள். சீட்டும் வந்தது. வயதுக்கு நல்ல ஆரோக்கியம். உற்சாகமான பேச்சு, நகைச்சுவை உணர்வு. கடைசி வரி: மனைவி குறை எதுவும் சொல்லவில்லை. ஆர்டிஸ் அந்த வரியைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தாள். பிறகு விரித்து இன்னொரு முறை படித்தாள்.

கடிதங்கள் என்ன ஆயின என்பது கென்ட்ரா மூலம் தெரிந்தது. ஹார்லனுக்குப் பிறகு இரண்டாம் தடத்துக்கு வந்தவள் கென்ட்ரா. அவரிடமே வேலை பழகியவள்; இன்றுவரை அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவாள். ஆர்டிஸின் கை உடைந்ததிலிருந்து தபாலைக் கதவுவரை கொண்டுவந்து கொடுத்தாள். ஒருநாள் ஆர்டிஸ் பேச்சுவாக்கில், போன ஆண்டு இலையுதிர் காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக் கடிதம் எதுவும் பார்த்த நினைவு உண்டா என்று கேட்டாள். கென்ட்ரா கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றும் வந்தன. மூன்றும் மறுநாளே பெட்டிக்குள் திரும்ப இருந்தன, எடுத்துப்போகத் தபால் இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடி தூக்கிவிடப்பட்டு. உறையின் குறுக்கே பென்சிலால், அச்சடித்ததுபோன்ற பெரிய எழுத்துகளில்: விலாசதாரர் இங்கில்லை, அனுப்பியவருக்கே திருப்பவும். கீழே தேதி, தட எண், சுருக்கொப்பம். இலாகா விதிப்படி ஒரு குறையும் சொல்லமுடியாத குறிப்பு.

"பாஸ் எழுத்து ஆர்டிஸ். பாஸ் எழுதினா நான் என்னன்னு கேப்பனா?" என்றாள் கென்ட்ரா. "கம்பெனியோட ஏதோ தகராறுன்னு நெனைச்சேன். ஒருத்தர் கடுதாசியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக்கூடாதுன்னு அவர்தான எனக்குச் சொல்லிக்குடுத்தார். நான் கேட்டிருக்கணும். ஒரே ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கணும்."

ஆர்டிஸ் இடது கையால் அவள் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, தபால் மற்றவர்களுக்குப் பிந்திவிடும், போ என்றாள். கதவைச் சாத்திய பிறகு நிலவறைக்குப் போனாள். மர அடுக்கின் முன்னால் ஹார்லன் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். தங்கள் வீட்டின் எண்ணுக்கான பொந்து எது என்று அவள் தேடினாள். இருநூற்று ஏழு. அதில் ஒன்றும் இல்லை. தூசிகூட இல்லை, தினமும் துடைத்திருந்தார்.

அவள் கம்பெனிக்கு போன் செய்தாள். காத்திருக்கச் சொல்லிப் போட்ட இசையைக் கேட்டாள். நான்கு பேரிடம் நான்கு முறை தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். உறைகளின் நகல் அவர்களிடம் இருந்தது. பத்து நாளில் பதிலும் வந்தது, இம்முறை அவள் பெயருக்கு. சட்டம் படித்த யாரோ அருமையாக எழுதியிருந்தார்கள்: குறிப்பின் கையெழுத்து உறுதியானது, தேதி சரியானது, நடைமுறை பிழையற்றது, ஆகவே இது தெளிந்த புத்தியுள்ள ஒருவர் வேண்டுமென்றே கடிதத்தை மறுத்ததாகவே தோன்றுகிறது. வேண்டுமானால் மார்ச் இருபத்தொன்றில் ஒரு நர்ஸ் நேரில் வந்து பார்ப்பார்.

முப்பத்து நான்கு ஆண்டு சேவைக்கு ஹார்லனுக்குக் கிடைத்த மிக உயர்ந்த நற்சான்றிதழ் அதுதான். ஓய்வுபெற்றபோது இலாகா வெறும் பித்தளைக் கடிகாரம் கொடுத்திருந்தது.

நர்ஸ் வருவதற்கு முந்தைய நாள் லோவல் யோசனையோடு வந்தார். விற்பனைக்காரர், மேடை அலங்காரம் தெரிந்தவர். ஹார்லனுக்குச் சவரம் செய்யவேண்டாம். சட்டைக்குத் தப்பாகப் பித்தான் போட்டுவிடுங்கள். காலையில் பசியோடு உட்காரவையுங்கள், கொஞ்சம் தடுமாறட்டும். "பொய் சொல்லச் சொல்லல ஆர்டிஸ். நிஜத்தை அழகு பண்ணாம காட்டுங்க, அவ்வளவுதான்."

யோசிக்கிறேன் என்றாள் ஆர்டிஸ். அந்த ஊரில் அதற்கு முடியாது என்று பொருள்.

மறுநாள் காலை ஒற்றைக் கையால் அவருக்குச் சவரம் செய்ய அவளுக்கு நாற்பது நிமிடம் ஆனது. நீலச் சட்டைக்குப் பித்தான் போட இன்னும் பதினைந்து. அந்நிய ஆள் வந்து பார்க்கும்போது ஹார்லன் பிரெக்கே தாடியோடு இருப்பதா? அவளுக்கு அது மனதில் ஏறவேயில்லை. அவர் தலையை வாரிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான், தான் என்ன செய்திருக்கிறோம் என்று புரிந்தது. ஹார்லன் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, எங்கே கல்யாணமா என்று கேட்டார்.

வந்த நர்ஸின் பெயர் ஷெங் சியோங். செயின்ட் பால் நகரத்துப் பெண், முப்பது வயதிருக்கும். வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு வந்தாள். ஆர்டிஸுக்கு அது பிடித்துவிட்டது. காப்பியும் இஞ்சி பிஸ்கட்டும் வைத்தாள். இந்தப் பெண் தன் புருஷனைக் குறைவாக மதிப்பிட்டு எழுதவேண்டும் என்று வேண்டிக்கொண்டே, இந்தப் பெண்ணுக்குத் தன் புருஷனைப் பிடிக்கவேண்டும் என்றும் ஆசைப்பட்டாள்.

இன்று என்ன கிழமை என்று ஷெங் கேட்டாள்.

"எங்க தொழில்ல சனிக்கெழம வரைக்கும் எல்லாம் ஒரே கெழமதாம்மா" என்றார் ஹார்லன்.

என்ன பருவம் என்றாள். அவர் ஜன்னலுக்கு வெளியே மூன்றடிப் பனியைப் பார்த்துவிட்டு, வசந்தம் என்றுதான் காலண்டர்காரன் சொல்வான், நான் நம்பவில்லை என்றார். அது சரியான விடை. மார்ச் இருபத்தொன்று, காலண்டர்படி வசந்தம் தொடங்கும் சமயம். ஷெங் சிரித்துக்கொண்டே எழுதினாள். ஒரு கடிகாரம் வரையச் சொன்னதற்கு, எதற்கம்மா சிரமம் என்று தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். பழைய வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஹார்லன் முதல் பெட்டியிலிருந்து ஆரம்பித்தார். ஆள் பெயர், நாய்ப் பெயர், எந்தப் பெட்டியின் கதவு கோடையில் இறுகும், எந்தப் பெட்டியில் குளவி கூடு கட்டும். எழுபதாவது பெட்டிவரை ஒரு பெயர்கூடத் தவறவில்லை. ஷெங்கின் பேனா நின்றுவிட்டது. ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இல்லத்துக்குப் போகும் எழுபது மைலும் ஆர்டிஸின் கண்ணெதிரே நீண்டுகொண்டிருந்தன.

பிறகு ஷெங் ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். ஹார்லன் புன்னகையோடு ஆர்டிஸ் பக்கம் திரும்பினார். கடந்த இரண்டு ஆண்டுகளாகக் கடையில், தேவாலயத்தில், தொலைபேசியில் அவர் அப்படித் திரும்பும்போதெல்லாம் அவள் எடுத்துக்கொடுத்திருக்கிறாள். வாய் அதுவாகவே திறந்தது. "முகம், வெல்வெட்..."

"மிஸஸ் பிரெக்கே," என்றாள் ஷெங் மெதுவாக, "நீங்க சொல்லக்கூடாது."

ஆர்டிஸ் மன்னிப்புக் கேட்டாள். ஹார்லன் அவளுக்காக நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஷெங் பேனாவை வைத்தாள். "நான் உங்களையே கேக்கறேன். போன அக்டோபர்ல இவர் எப்படி இருந்தார்? இப்ப எப்படி இருக்கார்?"

புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சவரம் செய்த முகத்தில் எச்சரிக்கையான மரியாதை. அந்த ஒரு சொல், அவளுடைய அம்மா அப்பாவும் அவர்களுடைய அம்மா அப்பாவும் சாகும்வரை சொன்ன சொல், நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. ஆர்டிஸ் அதை விழுங்க முயன்றாள்.

"மோசம்" என்றாள்.

சத்தம் வெளியே வந்துவிட்ட பிறகு நிறுத்தமுடியவில்லை. காரில் கேட்ட நான்கு கேள்விகளைச் சொன்னாள். மர அடுக்கைச் சொன்னாள். ஆகஸ்டிலிருந்து அவர் சில நாள் காலையில் அவளை வேறொரு பெயரில் கூப்பிடுவதை, தானும் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லிப் பழகிவிட்டதைச் சொன்னாள். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லாமல் விட்டது தான்தான் என்றாள். ஒருமுறைகூட ஹார்லனைப் பார்க்கவில்லை.

ஹார்லன் முன்னால் சாய்ந்து அவளுடைய கட்டுப்போட்ட கையின்மேல் தன் கையை வைத்தார். "பனியில விழுந்துட்டா" என்றார் நர்ஸிடம். "ரொம்ப வலி. அதான் இப்படிப் பேசறா. நல்ல பொண்ணு."

ஷெங் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். மனைவி சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ள முடியும், ஆனால் மனைவி சொன்னது மட்டும் அந்த அலுவலகத்தில் போதாது என்று விளக்கினாள். பிறகு தன் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். அன்றைய சந்திப்பைப் பற்றிக் கம்பெனி பாலிசிதாரருக்கு எழுதிய கடிதம். அவரிடம் நேரில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேள்வி எதுவும் கேட்காமல் அதை ஹார்லனின் முன்னால் மேஜையில் வைத்தாள்.

கம்பெனி பாலிசியை மீட்டுக் கொடுத்தது இதற்குப் பிறகு நடந்த மூன்று நிமிடத்தின் பேரில்தான். அவகாசம் முடிய இரண்டு நாள் இருக்கையில் உத்தரவு வந்தது, பாக்கி கட்டப்பட்டது, ஏப்ரல் நடுவில், ஹார்லனைக் குளிப்பாட்ட வாரம் ஐந்து நாள் ஓர் ஆள் வரத் தொடங்கினான். எழுபது மைல் தள்ளியிருந்த படுக்கைக்கு வேறு யாரோ போனார்கள். லோவல் இன்னொரு தட்டு வில்லை கொண்டுவந்தார். இதில் ஆர்டிஸ் சந்தோஷப்பட்டாளா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

உறையைப் பார்த்ததும் ஹார்லனின் முகம் மாறியது. அரை மணி நேரமாகக் காவல் காத்துக்கொண்டிருந்த புன்னகை இறங்கிப்போய், வேலை செய்கிற மனிதனின் முகம் வந்தது. உறையை எடுத்தார். ஓரங்களை மேஜையில் தட்டி நேராக்கினார். கொஞ்சம் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"ஹார்லன் பிரெக்கே" என்றார். "ஆள் இங்க இல்ல."

"அவரைத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள் ஷெங்.

"பிரெக்கேயையா? தெரியாம என்ன. என் தடத்துல இருந்த ஆள்தான்." உறையை இன்னொரு முறை பார்த்தார். "இந்த வீடுதான். கடுதாசின்னா வாசல்லயே நிப்பார்."

"இப்ப எங்க இருக்கார்?"

ஹார்லன் யோசித்தார். கட்டைவிரலால் அந்தப் பெயரின்மேல் மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தார், பனியில் மங்கிய முகவரியைத் துடைத்துப் படிப்பதுபோல. பிறகு ஆர்டிஸ் பக்கம் திரும்பினார்.

ஆர்டிஸுக்குப் பதில் தெரியும். பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, உறையின் குறுக்கே பெரிய எழுத்துகளில் ஒழுங்காக எழுதினார். தட எண்ணையும் சுருக்கொப்பத்தையும் போட்டு, நர்ஸிடம் நீட்டினார்.

"தெரியலம்மா" என்றார். "புது விலாசம் எதுவும் சொல்லாமப் போயிட்டார். திருப்பி அனுப்பிருங்க."